முள், புழுதி, வெயில்: திண்டுக்கல் பக்கம் புது பைக்காரர் தானே பார்க்கும் வேலைகள்

புதிதாக பைக் ஓட்டத் தொடங்கியவர் பட்டறைக்குப் போகாமல் தன் கையாலேயே முடித்துக்கொள்ளக்கூடிய வேலைகள் ஏழெட்டுதான். காற்று, பஞ்சர், செயின், பிரேக், ஏர் ஃபில்டர், பிளக், ஃபியூஸ், ஆயில். எந்த ஊரிலும் பட்டியல் இதேதான். வரிசைதான் ஊருக்கு ஊர் மாறும். திண்டுக்கல் டவுனிலும் சுற்றியுள்ள சமவெளியிலும் (வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, நத்தம் ரோடுகள் எல்லாம் சேர்த்து) வண்டியைப் படுத்துகிறவை மூன்று: சீமைக்கருவேல முள், செம்மண் புழுதி, சித்திரை வெயில். அதனால் இங்கே வரிசை டயரில் தொடங்குகிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஷோரூமிலிருந்து இறங்கிய வண்டிக்கு ஃப்ரீ சர்வீஸ் முடியும்வரை ஸ்பேனரை உள்ளே வைப்பது நல்லது. காற்று பார்க்கலாம், செயினுக்கு எண்ணெய் விடலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் கழற்றி மாட்டினால் வாரண்டியில் வாய்த்தகராறு வரும். ஆனால் இந்தப் பக்கத்தில் பைக் பழகுகிறவர்களில் பலர் அண்ணனோ மாமாவோ ஓட்டி முடித்த டிஎன் 57 வண்டியில்தான் பழகுகிறார்கள். வாரண்டி என்ற பேச்சே இல்லாத வண்டி. கை வைக்கத் தடையில்லை, கை வைக்காமல் ஓடவும் செய்யாது.

திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1985-ல். அதே வருஷம்தான் ஹீரோ ஹோண்டா சிடி 100 விற்பனைக்கு வந்தது. பெட்ரோலை ஊற்று, மூடு, மறந்துவிடு என்கிற பாணியில் ஒரு விளம்பரம் அந்த வண்டிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஒரு தலைமுறையே அதை அப்படியே பிடித்துக்கொண்டது. மறக்கச் சொன்னது பெட்ரோலை. ஜனங்கள் சேர்த்து மறந்தது செயினை, ஃபில்டரை, டயர் காற்றை.

சாமான் அதிகம் வேண்டாம். சைடு கவருக்குள்ளோ சீட்டுக்கு அடியிலோ கம்பெனி வைத்த டூல் கிட் இருக்கும் (பழைய வண்டியில் இருந்திருக்கும், இப்போது இருக்காது). 10, 12, 14, 17 சைஸ் ஸ்பேனர்கள், பின் ஆக்சில் நட்டுக்குப் பொருந்துகிற ஒரு பெரிய ஸ்பேனர், பிளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், சின்ன காற்று மீட்டர், ஒரு பை பனியன் வேஸ்ட். ஸ்க்ரூடிரைவரில் மட்டும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜப்பான் வழி வந்த வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூ, கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் மாதிரியே தெரியும். வெட்டு கொஞ்சம் வேறு. சாதாரண ஸ்டாரை வைத்து முறுக்கினால் அது எகிறி எகிறி ஸ்க்ரூவின் தலையை மொழுக்கென்று ஆக்கிவிடும். நுனி சரியாக உட்காருகிறதா என்று பார்த்து, நன்றாக அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். அழுத்தம் முக்கால், திருப்பு கால்.

இனி டயர்.

சீமைக்கருவேல முள் விரல் நீளம் வரை வளரும். காய்ந்தபின் கிட்டத்தட்ட ஆணிதான். இந்த மரங்களை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவு போட்டது. மரமும் நிற்கிறது, முள்ளும் விழுகிறது. கண்மாய்க் கரை வழியாகவோ தோட்டத்துப் பாதை வழியாகவோ தினமும் போகிறவருக்குப் பஞ்சர் ஒரு விபத்து இல்லை, மாதச் செலவு.

டியூப்லெஸ் டயராக இருந்தால் பாதிக் கவலை போச்சு. முள் ஏறியது கண்ணில் பட்டதும் பிடுங்கத்தான் கை போகும். பிடுங்கக் கூடாது. அந்த முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்று மெதுவாகத்தான் இறங்கும். கிட் கையில் இருக்கும் இடத்துக்கு மெதுவாக வந்து சேர்ந்தபின் பிடுங்கலாம். பிடுங்கிய ஓட்டையில் அரம் மாதிரி முறுக்கிய கம்பியை நாலைந்து முறை உள்ளே வெளியே இழுத்துச் சொரசொரப்பாக்கி, ஊசிக் காதில் பிசின் திரியைக் கோத்து, சொல்யூஷன் தடவி, திரியின் இரண்டு வாலும் கொஞ்சம் வெளியே நிற்கும்வரை குத்தி, வெடுக்கென்று ஊசியை மட்டும் உருவ வேண்டும். நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுக் காற்று பிடித்து, எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தால் குமிழ் வருகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். (எச்சிலுக்குப் பதில் சோப்புத் தண்ணீர் நாகரிகம்.) இது டயரின் நடுப்பகுதிக்கு மட்டும். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் திரி தாங்காது, டயரை மாற்றவேண்டியதுதான்.

டியூப் டயர் வேறு கதை. காற்று சட்டென்று இறங்கும். இறங்கிய டயரில் பங்க் வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம் என்று நினைத்தால் டியூப் மவுத் பக்கத்தில் கிழிந்து, ஒட்டவே முடியாமல் போகும். தள்ளுவதுதான் வழி. வீட்டில் ஒட்டுவது கஷ்டமான வேலை இல்லை, பொறுமையான வேலை. சக்கரத்தைக் கழற்றி, வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க விட்டு, டயரின் ஓரத்தை எதிர்ப்பக்கம் காலால் மிதித்து ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். இதைச் செய்யாமல் லிவரைப் போட்டு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் அதிகம். பள்ளத்தில் இறங்கிவிட்டால் இந்தப் பக்கம் டயர் தளர்ந்து, லிவருக்குத் தானாக வழிவிடும். டியூபை உருவி, கொஞ்சம் காற்று வைத்து, தண்ணீர் வாளியில் அமுக்கினால் ஓட்டை பேசும். ஒரு குமிழ் வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. நீள முள்ளாக இருந்தால் டியூபின் மேல்பக்கம் குத்தி, அடிப்பக்கமும் குத்தியிருக்கும். இரண்டு ஓட்டை, ஒரு முள்.

ஒட்டுகிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து விரலில் லேசாகப் பிசுபிசுக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வெயிலில் பேட்ச் நழுவும். இந்த நேரத்தில் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை விட்டால் எல்லாம் வீண்: டயரின் உட்பக்கத்தை முழுச் சுற்றும் தடவிப் பார்ப்பது. கருவேல முள் டயருக்குள்ளேயே ஒடிந்து, நுனி மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும். பனியன் வேஸ்டைச் சுருட்டித் தடவினால் முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். அங்கே பிளேயரால் உள்பக்கமிருந்து பிடித்து இழுக்க வேண்டும். ஒட்டிய மறுநாளே மறுபடி பஞ்சர் என்று புலம்பல் கேட்டால், காரணம் பெரும்பாலும் இந்த ஒடிந்த நுனிதான். பஞ்சர்க் கடைக்காரர் மேல் பழி.

திரும்ப மாட்டும்போது டியூபில் துளி காற்று வைத்து, டால்கம் பவுடர் தூவி, கடைசி ஒரு சாண் டயரைக் கையாலேயே தள்ள முயல வேண்டும். கடைசியில் லிவர் போடும் இடத்தில்தான் டியூப் மாட்டிக்கொண்டு புது ஓட்டை விழும்.

காற்றின் அளவுக்கு, ஸ்பிளெண்டர் வகை 100 சிசி வண்டிகளில் ஆள் ஒருவர் என்றால் முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு 40 பக்கம். மற்ற மாடலுக்குக் கையேடு. காலையில், ஓடாத டயரில் பார்க்க வேண்டும். மே மாத மதியத்தில் நாலுவழிச் சாலையில் ஓடி வந்த டயர் அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் சொங்கிப் போய் நிற்கும்.

அடுத்தது செயின். முழுக் கவர் போட்ட வண்டியில் செயின் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே நினைவுக்கும் வராது. செம்மண் புழுதி எண்ணெயோடு கலந்தால் உப்புத்தாள் தடவிய பசை போலாகிச் செயினைத் தின்னும். எண்ணெய் விடுவதற்கு முன் துடைப்பது அதைவிட முக்கியம் என்பது இதனால்தான். மண்ணெண்ணெய் இப்போது ரேஷனில் கிடைப்பதே அபூர்வம்; சாதாரண செயினுக்கு டீசல் போதும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வேஸ்டால் துடைத்து, உலர்ந்தபின் 90 நம்பர் கியர் ஆயிலோ செயின் ஸ்பிரேயோ உள்பக்கமாக விட வேண்டும். வெளிப்பக்கம் விட்டால் பாதி ரிம்மிலும் மீதி பேண்ட்டிலும் தெறிக்கும். ஓ-ரிங் போட்ட செயினுக்குப் பெட்ரோல் ஆகாது, ரப்பரைக் கெடுக்கும்.

ஒரு விஷயத்தில் சமாதானமே கிடையாது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியை வைத்துத் துடைக்கவே கூடாது. வேலை சீக்கிரம் முடியும். விரலும் முடியும். என்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

தளர்வு பார்ப்பது இப்படி. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் மொத்த ஆட்டம் 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கலாம், சுமாராக ஒன்றரை விரல் அகலம். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய செயின் ஒரே மாதிரி நீளாது. ஒரு இடத்தில் விறைப்பாகவும் இன்னொரு இடத்தில் தொளதொளவென்றும் இருக்கும். விறைப்பான இடத்தை வைத்துத்தான் அளவு. டைட் வைப்பதென்றால் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்பி, ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இடமும் வலமும் ஒத்து வருகிறதா என்று பார்த்து முறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் சக்கரம் கோணும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ரொம்ப டைட்டாக வைப்பதும் தப்பு. பின்னால் ஆள் உட்கார்ந்ததும் செயின் இன்னும் விறைத்து ஸ்பிராக்கெட்டையும் பேரிங்கையும் தின்னும்.

செயின் முடிந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்தால், பல்லில் பாதி வெளியே தெரிந்தால் ஆயுள் முடிந்தது. அப்போது செயினை மட்டும் மாற்றுவது காசை மிச்சம் பிடிப்பது போலத் தெரியும். தேய்ந்த பல் புதுச் செயினையும் தேய்த்துவிடும். செட்டாக மாற்றுவதே கணக்கு.

செயினை டைட் வைத்ததும் பின் பிரேக்கைப் பார்த்தே ஆகவேண்டும். சக்கரம் பின்னால் நகர்ந்ததால் டிரம் பிரேக்கின் ராடும் இழுபட்டிருக்கும். பெடலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் சும்மா இறங்கும் தூரம் வேண்டும். ராடின் கோடியில் உள்ள நட்டைத் திருப்பினால் அது சரியாகும். பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டால் உரசாமல் ஓடவேண்டும். டிரம்மின் வெளியே ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுக்க மிதிக்கும்போது அது எல்லைக்கோட்டைத் தொட்டால் லைனர் தீர்ந்தது. இனி நட்டைத் திருகித் திருகி ஓட்டுவது ஏமாற்று வேலை. டிஸ்க் பிரேக்கில் புது ஆள் பார்க்கவேண்டியது ஆயில் டப்பாவின் கண்ணாடியில் மட்டம், பேடின் தடிமன். கண்ணால் மட்டும். திறக்க வேண்டாம்.

(சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இது பெரிதாகப் படாது. ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்குக் கிளம்பும்போதுதான் புரியும். 18 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். இரண்டாம், மூன்றாம் கியரில் என்ஜினைப் பிடித்து இறங்குவதுதான் முறை.)

ஏர் ஃபில்டரில் இந்த ஊர்ப் புழுதியை நேரில் பார்க்கலாம். ஸ்பாஞ்சு ஃபில்டர் என்றால் அலசி, பிழிந்து, காயவைத்து, என்ஜின் ஆயிலில் நனைத்து மறுபடி பிழிந்து மாட்டலாம். முறுக்கிப் பிழிந்தால் கிழியும், அமுக்கித்தான் பிழிய வேண்டும். இப்போதைய பல வண்டிகளில் இருப்பது எண்ணெய் ஊட்டிய காகித ஃபில்டர். அதைத் தட்டக் கூடாது, அலசக் கூடாது, பங்க்கில் காற்றுக் குழாயை வைத்து ஊதவும் கூடாது. ஊதினால் சுத்தமானது போலத் தெரியும். புழுதியைப் பிடிக்கும் எண்ணெய்ப் பசை போய்விடும், அப்புறம் மண் நேராக சிலிண்டருக்கு. அழுக்கானால் புதுசு. மண் ரோட்டில் அதிகம் ஓடுகிற வண்டிக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்ற வேண்டும்.

இனி ஸ்டார்ட் ஆகாத வண்டி. பயப்படுவதற்கு முன் வலது கை சிவப்பு ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிப்பதற்கில்லை, நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி விளையாடிய பையன் அதைத் தட்டிவிட்டுப் போயிருப்பான், சொந்தக்காரர் அரை மணி நேரம் உதைத்துக்கொண்டிருப்பார். அடுத்து சைடு ஸ்டாண்ட்: புது மாடல்கள் பலவற்றில் அது இறங்கியிருந்தால் கியர் போட்டதும் என்ஜின் அணையும். பழைய வண்டியில் பெட்ரோல் டேப் ஆஃபில் இருக்கலாம், அல்லது ரிசர்வுக்குத் திருப்பாமல் இருக்கலாம். அடுத்து ஃபியூஸ். பெட்டியிலேயே உபரி ஃபியூஸ் ஒன்று இருக்கும். அதே ஆம்பியர்தான் போட வேண்டும். கம்பி சுற்றுவது, சிகரெட் தாள் சுற்றுவது எல்லாம் வயரிங்கையே எரிக்கும் யோசனைகள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பிளக். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுற்றியுள்ள குழியை ஊதியோ துடைத்தோ சுத்தம் செய்யாவிட்டால் அங்கே தங்கிய மண் ஓட்டை வழியாக உள்ளே விழும். கழற்றிய பிளக்கின் நுனி வெளிர் காப்பித்தூள் நிறம் என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசையோடு கருப்பு என்றால் ஆயில் மேலேறுகிறது. அது பட்டறைச் செய்தி. வெள்ளை வெளேரென்று இருந்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இடைவெளி மாடலைப் பொறுத்து 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர். மாட்டும்போது எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தொடவே கூடாது. கையால் கடைசிவரை திருகி, உட்கார்ந்தபின் ஸ்பேனர்: புதுப் பிளக் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் ஒரு இழுப்பு. ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. கோணலாக ஏறினால் தோற்பது அலுமினியம். பட்டறையில் "மரை போச்சுண்ணே" என்று கேட்கவேண்டி வரும். அந்த வாக்கியத்துக்குச் செலவு அதிகம்.

2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 விதி வந்ததும் சின்ன வண்டிகள் பெரும்பாலானவற்றிலும் கார்புரேட்டர் போய் ஃபியூல் இஞ்செக்‌ஷன் வந்துவிட்டது. சோக், ஐடிலிங் ஸ்க்ரூ எல்லாம் இவற்றில் கிடையாது. மீட்டரில் மஞ்சளாக என்ஜின் படம் எரிந்தபடியே இருந்தால் கோளாறைப் படிக்கக் கருவி வேண்டும். அங்கே வீட்டு வேலை முடிகிறது. பேட்டரி முனையில் வெள்ளைப் பொரி படிந்திருந்தால் மட்டும் துடைக்கலாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியாக நெகட்டிவ். துடைத்தபின் கொஞ்சம் வாசலின்.

சாவி திரும்பாமல் மக்கர் பண்ணுவது புழுதி ஊரின் இன்னொரு தொல்லை. எல்லோரும் உடனே எண்ணெய் விடுவார்கள். எண்ணெய் இரண்டு நாள் சுகம். அப்புறம் அதே எண்ணெய் புழுதியைப் பிடித்து உள்ளே களிம்பாக்கும். பென்சில் கரித்தூளைச் சாவியில் தேய்த்து நாலு முறை போட்டு எடுப்பது மேல். 2019-ல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இதைப் போய்ச் சொல்லவேண்டியிருக்கிறது.

கடைசியாக ஆயில். மாடலுக்கு மாடல் 3000 முதல் 6000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. இரண்டு கிலோமீட்டர் ஓட்டி லேசாகச் சூடேற்றி, அடியில் அகலமான சட்டி வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். வாஷரைப் புதிதாகப் போடுவது நல்லது. இங்கேயும் அலுமினிய மரைதான், கைத்திருகல் முதலில். ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பைக்கில் கிளட்ச் பிளேட் அதே ஆயிலில்தான் நனைகிறது. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பதால் கிளட்ச் வழுக்கும். அளவு 100 சிசிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவுதான். டப்பா முழுவதையும் ஊற்றிவிடக் கூடாது. மட்டம் பார்க்கும் குச்சியைப் பல மாடல்களில் திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். சில மாடலில் திருக வேண்டும். கையேட்டில் ஒரு வரி இருக்கும்.

வடிந்த கருப்பு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுகிற பழக்கம் உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் ஏற்கெனவே கெட்ட பகுதி இது. இன்னொரு முக்கால் லிட்டர் வேண்டாம். கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்தால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள், வாங்குகிற ஆள் இருக்கிறார்.

கிளட்ச் பிளேட், டைமிங் செயின், வால்வ் செட்டிங், ஃபோர்க் ஆயில், டிஸ்க் பிரேக்கைத் திறப்பது, ஏபிஎஸ் விளக்கு எரிவது, இவையெல்லாம் பட்டறைக்கு. அங்கேயும் "ஒரு மாதிரி சத்தம் வருது" என்று சொன்னால் மெக்கானிக்குக்கு ஒன்றும் விளங்காது. சத்தம் சூடான பிறகா, காலையிலா, எந்த கியரில், கிளட்ச் பிடித்தால் நிற்கிறதா, பிரேக் பிடித்தால் மாறுகிறதா. இந்த நாலும் தெரிந்தால் அவர் வண்டியை ஓட்டிப் பார்க்காமலேயே பாதி சொல்லிவிடுவார்.